டபடபா வண்டியில் அம்மாவின் இடம்

பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து போகிறவனுக்கு முதலில் தெரிவது சூடு. கீழே ஓடுகிற இஞ்சினின் சூடு கால்சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறும். பிறகு அதிர்வு. அது பல்லில் வந்து நிற்கும். வாயைத் திறந்து "ஆ" என்று சொன்னால் அது துண்டு துண்டாக உடைந்து வெளியே வரும். எங்கள் வண்டியின் டேங்கு மூடி சரியாக இறுகாது என்பதால் அப்பா அதன் வாயில் ஒரு பழைய துணியைச் சுருட்டிச் செருகியிருப்பார். அந்தத் துணியின் பெட்ரோல் வாசனைதான் இன்றைக்கும் எனக்கு வெளியூர்ப் பயணத்தின் வாசனை.

அது எத்தனை கை மாறி எங்களிடம் வந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது. வேப்பந்தட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்கு "டபடபா" என்று பெயர். வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். அப்பா கிணறு வெட்டும் ஆட்களோடு வேலைக்குப் போனவர். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டியவர். எங்கள் தெருவுக்கு வந்த முதல் மோட்டார் வண்டி இதுதான். அதனால் அதில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மற்ற நேரத்தில் என்னைப் போலவே கூச்சக்காரர். வண்டியில் மட்டும் வேறு ஆள்.

வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. கிளப்பும்போது உதைத்தால் அது திருப்பி உதைக்கும். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். நிற்கச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது; எங்கள் தெருப் பிள்ளைகள் அதை "வண்டி மச்சம்" என்பார்கள், பொறாமையோடுதான். ஒருமுறை அம்மாவின் முந்தானை பின்சக்கரத்துக்குள் போய், கழுத்து இறுகுவதற்குள் துணி கிழிந்ததால் அவள் தப்பினாள். இன்னொரு முறை திருமானூர் பக்கம் கரும்பு வண்டியிலிருந்து விழுந்து கிடந்த கரும்பின் மேல் முன்சக்கரம் ஏறி உருண்டு, மூன்று பேரும் வாய்க்கால் சேற்றில் போய் உட்கார்ந்தோம். சேற்றோடு எழுந்த அப்பா முதலில் வண்டியைத்தான் தூக்கினார். "எங்களத் தூக்கிட்டு அப்பறம் அதத் தூக்குங்களேன்," என்று அம்மா சொன்னது எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது.

இவை எல்லாவற்றையும்விட அப்பா பயந்தது கொள்ளுக்குத்தான். தை, மாசியில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டின் மேலேயே பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் அதன் மேல் ஏறி ஏறிப் போக, காய் வெடித்துக் கொள்ளு உதிர்ந்துவிடும். மாடு கட்டிப் போரடிக்கிற வேலை மிச்சம். பெண்கள் கவைக்கம்பை வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள், ஒரு வண்டி போனதும் செடியைப் புரட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு வழிவிடுவார்கள். நான்கு சக்கரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கரத்துக்கோ எண்ணெய் தடவிய தரை மாதிரி. செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு செயினையும் பிடித்துவிடும். தூரத்தில் பழுப்பாகக் கண்டாலே அப்பா இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, "ரோட்டப் போட்டது இவனுவளுக்குக் களமாக்கவா?" என்று திட்டிக்கொண்டே ஊர்ந்து போவார்.

அந்த மாசியில் என் தங்கைக்குக் காது குத்து. ஆண்டிமடத்தில் தாய்மாமன் வீட்டில் வைத்திருந்தார்கள். தங்கை கைக்குழந்தை, தலை அப்போதுதான் நின்றிருந்தது. பஸ்ஸில் போகலாம் என்றாள் அம்மா. மச்சான் வீட்டு வாசலில் டபடபாவைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அப்பாவின் ஆசைதான் நடந்தது. டேங்கு மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் ஒருக்களித்துக் குழந்தையை மடியில் வைத்தபடி அம்மா. கால் வைக்கிற கம்பியில் மெட்டி போட்ட அம்மாவின் கால் இருக்கும். டேங்கிலிருந்து இடது பக்கம் குனிந்தால் எனக்குத் தெரிவது அந்தக் கால் மட்டும்தான்.

பெரம்பலூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று நடுரோட்டில் வந்தது. அப்பா மண்ணில் இறக்கினார். வெள்ளைப் புழுதி எங்களை மூடியது. கண்ணைத் திறக்காமலே மறுபடி ரோட்டில் ஏற்றினார். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். பின்சக்கரம் துள்ளி ஏறியது. ஏறிய இடத்தில் கொள்ளு பரப்பியிருந்தது. வண்டி ஒருமுறை வழுக்கி, நெளிந்து, எப்படியோ நிமிர்ந்துகொண்டது.

"பாத்தியா?" என்றார் அப்பா பின்னால் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி. "வேற வண்டியா இருந்தா இந்நேரம் உருண்டிருப்போம்."

அதற்கடுத்து ஒரு மேடு. வழக்கமாக அந்த மாதிரி மேட்டில் டபடபா மூச்சு வாங்கும். அன்றைக்குக் குஷியாக ஏறியது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னைக்கி வண்டி என்னமா இழுக்குது பாரு!" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் அவள் பதில் சொன்னாலும் எங்களுக்குக் கேட்காது என்பதால் அதில் புதுமை ஒன்றும் இல்லை.

அம்மா அங்கே கொள்ளுச் செடியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிற்பாடு சொல்லி நாங்கள் தெரிந்துகொண்டது இது. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்ததால் வண்டியைப் பிடிக்கக் கை இல்லை. சக்கரம் துள்ளியபோது சீட்டு கீழேயிருந்து நழுவிப்போனது. புரட்டிக் குவித்து வைத்திருந்த செடிக் குவியலில் மல்லாந்து விழுந்தாள். குழந்தை அவள் மார்பின் மேல் விழுந்தது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. எழுந்து பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். ரோட்டோரத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பினார்கள், அப்பாவைத் தவிர. "செல்வராசு அப்போவ்!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதற்கும் டபடபாதான் பதில் சொன்னது.

கவைக்கம்போடு ஓடிவந்த பெண்கள் குழந்தையை வாங்கித் தடவிப் பார்த்தார்கள். "புருஷன் பேரச் சொல்லு தங்கச்சி, தொண்ட கிழியக் கூப்புடுறோம்," என்றாள் ஒருத்தி. அம்மா எப்படிச் சொல்வாள்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. குழந்தையோடு நடுரோட்டில் விழுந்து கிடந்த அந்த நேரத்திலும் வரவில்லை. "கல்லங்குறிச்சியில கம்பமா நிக்கிறாரே, அந்தச் சாமி பேரு," என்றாள்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது போதும். கல்லங்குறிச்சிக் கோயிலில் சாமி கம்பமாகத்தான் நிற்கிறார். வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கெல்லாம் அவர் பெயர்தான். "கலியபெருமாளு!" என்று அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னா?" என்று எழுந்து நின்றார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கினார். அப்போது பின்னால் வந்த பஸ்ஸை மறித்து, கலியபெருமாள் பொண்டாட்டி என்று அம்மாவைக் காட்டி, முன்னால் போகும் கலியபெருமாளைப் பிடிக்கச் சொன்னார்கள்.

"நானும் கலியபெருமாளுதாம்மா," என்றாராம் கண்டக்டர். "ஏற்கெனவே வூட்ல பொண்டாட்டி ஒண்ணு இருக்கு, இத எங்க ஏத்துறது?"

"வாயப் பாரு! டபடபான்னு ஒரு வண்டி போவுது பாரு, அந்தாளு பொண்டாட்டியத் தவற வுட்டுட்டுப் போறாரு. போய்ச் சொல்லுய்யா!"

பஸ் எங்களைத் துரத்தியது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அப்பா என்ன நினைப்பார்? பஸ் தன்னை முந்தப் பார்க்கிறது என்று நினைத்தார். தெருவுக்கு முதல் மோட்டார் வண்டி வாங்கியவர் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பாரா? முறுக்கினார். டேங்கு என் தொடைக்குக் கீழே நடுங்கியது. காற்றில் கண்ணில் நீர் வழிந்தது. பஸ் பக்கத்தில் வந்தது, படியில் தொங்கியபடி கண்டக்டர், "பொண்டாட்டி! யோவ், பொண்டாட்டி!" என்று கத்தினார். "என்னடா வாய்க்கு வந்தபடி பேசுறான்," என்று அப்பா இன்னும் முறுக்கினார். ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் பள்ளம், முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடப்பதற்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் கனவில் எனக்கு வருவது அந்த ஆட்டு மந்தைதான்.

பயம் வந்தால் நான் அம்மாவின் காலைப் பார்ப்பேன். அன்றைக்கும் குனிந்து பார்த்தேன். கம்பி இருந்தது. கால் இல்லை.

நான் சத்தமாகப் பேசாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பதைக்கூட உதட்டை அசைத்துச் சொல்பவன். ஆனால் அன்றைக்கு டபடபாவையும் பஸ் ஹாரனையும் தாண்டிக் கேட்கும்படி கத்தினேன்: "அப்பா, அம்மா காலு காணும்!"

அப்பா வலது கையைத் தளர்த்தியது தெரிந்தது. பிறகு அந்தக் கையை வண்டியிலிருந்து எடுத்துப் பின்னால் துழாவினார். அந்தக் கை வெறும் சீட்டைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவு. டபடபா யோசித்து யோசித்து, ஆடுகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அப்பா வண்டியைத் திருப்பினார். திரும்பிப் போன வழி முழுதும் அவர் தாடை என் உச்சந்தலையில் இடித்துக்கொண்டே இருந்தது. அது வண்டியின் நடுக்கம் மட்டும் இல்லை என்பது எனக்கு நான் தகப்பனான பிறகுதான் விளங்கியது.

போய்ச் சேர்ந்தபோது அம்மா தலையெல்லாம் கொள்ளுச் சருகோடு உட்கார்ந்து தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் மறைத்திருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தாமலே என்னையும் அள்ளிக்கொண்டு இறங்கினார். அது தானாகப் போய்ச் செடியில் சாய்ந்தது. அவர் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். வயதில் மூத்த ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன்யா, ரோட்டுல உதுத்துட்டுப் போறதுக்குப் பொண்டாட்டி என்ன கொள்ளா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அப்பா குனிந்து தங்கையின் தலையைத் தொட்டார். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, கீழே கிடந்த கொள்ளுச் செடியையும் தொட்டார். வாழ்நாள் முழுவதும் திட்டித் தீர்த்த செடி. அது இல்லாமல் வெறும் தார் ரோடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அப்பா செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. என்னை அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தார். டபடபாவைக் கிளப்பினார். இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு, அந்தக் கொள்ளுச் செடியின் மேல் போவதும் திரும்புவதுமாக வண்டியை ஓட்டினார். ஒரு தடவை வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி ஓட்டினார். அந்தப் பெண்கள் கவைக்கம்பால் புரட்டிப் புரட்டிவிட்டார்கள். நன்றி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. தூற்றாத கொள்ளில் ஒரு முந்தானை அளவு அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். காது குத்துக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். மாமன் கோபித்துக்கொண்டார், கதையைக் கேட்டதும் கோபத்தை மறந்து தங்கையை மடியில் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, "இருக்கியா?" என்பார். "இருக்கேன்," என்று அம்மா அவர் முதுகில் தட்டுவாள். வீட்டில் சண்டை நடந்திருந்தால் வேண்டுமென்றே தட்டமாட்டாள். அப்பா உடனே வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்ப்பார். அப்படி நின்ற இடத்திலேயே பல சண்டைகள் முடிந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் எந்தக் காரியம் தடங்கல் இல்லாமல் நடந்தாலும் அம்மா சந்தேகத்தோடு, "வண்டி நல்லா இழுக்குதே, பின்னால எது வுழுந்துச்சு?" என்பாள்.

தங்கை இப்போது திருப்பூரில் இருக்கிறாள். கொள்ளு ரசம் வைக்கும்போதெல்லாம் எனக்குப் போன் செய்வாள். டபடபா எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. அந்தச் சாலையில் கொள்ளுப் பரப்பினவர்கள் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள், அடிக்க மிஷின் வருகிறது. வெயிலில் காயப் போடுகிற மக்காச்சோளத்தைக் கல் வைத்து மறிக்கிறார்கள், அள்ளிய பிறகு கல்லை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கற்களுக்கு நான் பயப்படுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்று, வண்டி ஓட்டியே பிழைப்பவன். இத்தனை வருடத்தில் ரோடு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றும் இல்லை. அன்றைக்கு எடுக்காமல் விட்டதை நினைத்தால் நான் அதற்குக் கடன்பட்டவன் என்றுதான் தோன்றுகிறது.

போன மாசியில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் கூட்டிப்போனேன். புது வண்டி, சத்தமே வராது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன். திரும்பி வரும்போது அதே மேடு. வண்டி லேசாக ஏறியது. வேறு எதையோ நினைத்துக்கொண்டு நான், "வண்டி நல்லா இழுக்குது," என்று எனக்குள் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன்.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"இருக்கேன்டா, இருக்கேன்," என்றாள் அம்மா.