பழைய ஃபீட் பம்பு எங்கே என்று கேட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், 2006 மே மாதம், இதே வலைப்பூவில் பழைய டீசல் வண்டியில் நெடும்பயணம் போகிறவர்கள் என்னென்ன ஸ்பேர் எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். அதில் நான்காவது குறிப்பு இது: “மெக்கானிக் கழற்றும் பழைய பாகங்களை எண்ணிக் கேட்டு வாங்குங்கள். விட்டால் இரும்புக்கடைக்குப் போய்விடும்.” பின்னூட்டத்தில் நிறையப் பேர் நன்றி சொன்னார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன்.

அந்தக் குறிப்பு தப்பு என்று பதிவு போட்ட ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுத்தான் நீக்கினேன். நடுவில் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபது நாள் லீவு கிடைத்திருந்தது. ஆபீஸ் தரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் ஜம்மென்று ரயிலில் போயிருக்கலாம். ஆனால் 1988 மாடல் டீசல் ஜீப்பை ஏலத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எவன் ரயிலில் போவான்? ஹரித்வார் வரை அதிலேயே போய்வருவது என்று முடிவு செய்தோம். போக வர ஐயாயிரம் கிலோமீட்டர். நானும் என் மனைவி சுமதியும் மட்டும். எங்களுக்குச் சொந்த ஊர் கரூர், வேலைக்காக வந்து குடியிருப்பது அணுபுரம்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அணுசக்தித் துறையின் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எங்கள் ஸ்டோர்ஸில் பழசைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். ஒரு வால்வைக் கழற்றினால், கழற்றிய வால்வு சீட்டோடு என் மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நான் கேட்பேன். பதினெட்டு வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜீப்புக்கு வைத்தியம் பார்ப்பவர் ஏழுமலை. செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று உள்ளே அவருடைய ஷெட். ஒன்பது வருடமாக அந்த வண்டியில் வேறு யாரும் கை வைத்ததில்லை. கம்ப்யூட்டரில் அடித்த என் பட்டியலை அவரிடம் நீட்டினேன். முப்பத்தொரு பொருள். அவர் பேனாவை வாங்கிச் சரசரவென்று அடித்துக்கொண்டே போனார்.

“பல்பு, ஃபியூஸ் எல்லாம் எங்க போனாலும் கெடைக்கும் சார். இத்தினியும் தூக்கிகினு போனா வண்டி தாங்குமா? அங்க கெடைக்காதத எடுத்துகினு போங்க.”

மிஞ்சியது ஆறு. ஃபீட் பம்பு, வாட்டர் பம்பு, ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு. ஃபீட் பம்பு என்பது டேங்கிலிருந்து டீசலை இழுத்து இஞ்சின் பக்கம் தள்ளும் கையளவு கருவி. அது செத்தால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி நகராது. ஆறையும் சென்னைக்குப் போய்ப் புதுசாக வாங்கினேன், 3,400 ரூபாய். டப்பா பிரிக்காமல் ஏழுமலையிடம் கொடுத்து, கிளம்பும் முன் வண்டியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி எடுக்கப் போனோம். பானெட்டைத் திறந்தால் ஆறு புதுசும் வண்டியில் மாட்டியிருக்கிறது! நான் வாங்கியது வழியில் மாற்றுவதற்கு. டூல் பாக்ஸைத் திறந்தேன். ஜாக்கியும் லீவரும்தான் இருந்தன. என் தலைக்குள் ஸ்டோர்ஸ் மணி அடித்துவிட்டது. நல்லா ஓடிக்கொண்டிருந்த ஆறு பொருளைக் கழற்றியிருக்கிறான், காணோம்.

ஷெட்டில் அப்போது மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு லாரி டிரைவர்கள். இன்னொருவர் பரனூர்க்காரர், நாலு டிப்பர் லாரி வைத்திருப்பவர், நாலும் ஏழுமலையிடம்தான் வரும்.

“ஏழுமலை, கழட்டின பழைய ஃபீட் பம்பு எங்கே? மத்த அஞ்சும் எங்கே?”

அவர் கழிவுத்துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். “சொல்றேன் சார்…” என்று ஆரம்பித்தார். நான் சொல்லவிடவில்லை.

“இரும்புக்கடையில கிலோ என்ன விலைக்குப் போட்டீங்க?”

இதை நான் சத்தமாகத்தான் கேட்டேன். நாலு பேர் காதில் விழட்டும் என்றே கேட்டேன். பரனூர்க்காரர் சிரித்துவிட்டார். “இன்னா ஏழுமல, நம்ம வண்டியிலயும் இப்படித்தான் பண்ணிகினு கீறியா?”

ஏழுமலை கை துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். அப்புறம் என்னிடம், “சாவி வண்டியிலயே கீது சார். எடுத்துகினு போங்க” என்றார். அவ்வளவுதான். பதில் சொல்ல முடியவில்லை பார், ஆள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

10.40க்குச் சோதனை ஓட்டம் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்புவது திட்டம். திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர், 11.05க்குத் தாண்டினோம். வண்டி சும்மா சொல்லக்கூடாது, வழுக்கிக்கொண்டு போனது. வழி முழுக்க நான் சுமதிக்கு மெக்கானிக்குகளின் தில்லுமுல்லு பற்றி வகுப்பு எடுத்தேன். “இருந்தாலும் அத்தனை பேர் முன்னாடி அப்படியா கேக்கறது?” என்றாள். “அப்படிக் கேட்டாத்தான் அடுத்த தடவை செய்யமாட்டான்” என்றேன்.

மாமல்லபுரத்தில் சாப்பாடு, இரண்டு பேருக்கு அறுபது ரூபாய். 12.30க்கு வடக்கே கிளம்பி ஒன்பதாவது கிலோமீட்டரில், பட்டிப்புலம் பக்கம், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மறுபடி எடுக்கவில்லை. மே மாத வெயில், சவுக்குத் தோப்பு, ஒரு டீக்கடைகூடக் கண்ணில் படவில்லை. ஸ்டோர்ஸ்காரனுக்குப் பார்ட் நம்பர் தெரியும், நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தேன்.

இருபது நிமிடம் கழித்து, மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் வேன் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கிவந்தார்.

“இன்னா அண்ணாத்த, நின்னுகினு கீறீங்க?”

ஃபீட் பம்பின் தலையைக் கையால் நாலு முறை அழுத்தினார். “கையில புடிப்பே இல்ல. புச்சா போட்டீங்களா?”

“நேத்துதான்.”

“புச்சுதான் பேஜாரு. ஓடிப் பாக்காத பொருளு. பழசு எங்க?”

காலையில் நான் கேட்ட அதே கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. “மெக்கானிக் வித்துட்டான்” என்றேன். ஒரே நாளில் இரண்டாவது முறை.

சுமதி குடை எடுப்பதற்காகப் பின்சீட்டைத் தூக்கியவள், “ஏங்க, இங்க வாங்க” என்றாள். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில், ஆடாமல் இருக்கக் கயிற்றால் கொக்கியில் இழுத்துக் கட்டிய ஒரு லுங்கித்துணி மூட்டை. பிரித்தோம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பழைய பாகங்கள். ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த அட்டைத்துண்டு, நீலப் பேனா எழுத்து. ஃபீட் பம்பில் “ஓடும்”. பெல்ட்டில் “ஓடும்”. கேபிளில் “ஓடும்”. வாட்டர் பம்பில் “ஓடும், கொஞ்சம் கசியும்”. வெடிப்பு விட்டிருந்த இரண்டு ஹோஸிலும் ஒரே வாசகம்: “ஓடாது. அளவுக்கு. கடையில் இதைக் காட்டி வாங்கவும்.”

எனக்கு இந்தி ஒரு வார்த்தை வராது என்று எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதை ஞாபகம் வைத்துத்தான் அந்த மனுஷன் உதவாத ஹோஸைக்கூடக் கழுவி வைத்திருக்கிறார். நான் அந்த நிலையிலும் எண்ணினேன். ஆறு. கூசிப்போய்விட்டது எனக்கு.

ஐஸ் வேன்காரர் முப்பத்தைந்து நிமிடத்தில் பழைய பம்பை மாட்டி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, வண்டியைக் கிளப்பினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேலக்காரன்யா. யார் சார் இவரு? நம்ம வண்டியயும் அவராண்ட வுடணும்.”

நான் பானெட்டை மூடப் போனேன். சுமதிதான் சொன்னாள். “செங்கல்பட்டு ஏழுமலை. வித்துட்டான்னு இவர் இப்ப சொன்னாரே, அவர்தான்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நூறு ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. “ஐஸ் கரையுது, வரேம்மா” என்று சுமதியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோவளம் போகவில்லை. நேராகச் செங்கல்பட்டு. மூன்று மணிக்கு ஷெட்டில் ஏழுமலை மட்டும் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன், ஏன் என்று தெரியவில்லை. “தப்பாப் பேசிட்டேன் ஏழுமலை. மன்னிச்சிடுங்க” என்றேன்.

“புது பம்பு போய்ட்சா?” என்றார் முதலில். பட்டிப்புலத்தில் நின்றதைச் சொன்னேன். “அதுக்குத்தான் சார் இங்கியே மாட்டினேன். போறதா இருந்தா ஊர்லயே போவட்டும்னு. பழசு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் காட்டிட்சி, அதுதான் கையில இருக்கணும்.”

“என்னை மன்னிச்சிடுங்க” என்றேன் மறுபடியும்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். “சார், காலீல நீங்க சொன்னது மூணு பேர் எதிர்ல. இப்ப சொல்றது எனுக்கு மட்டும்தான் கேக்குது.”

ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொண்டார். வேறொரு பம்பு வாங்கி மாட்டி, கடற்கரைச் சாலையில் தானே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப்பார்த்து, மூட்டையைப் பழையபடி கட்டிக்கொடுத்தார். ஹரித்வார் போய்வந்தோம். பத்தொன்பது நாள், 5,140 கிலோமீட்டர். திரும்பும்போது நாக்பூருக்கு முன்னால் புது வாட்டர் பம்பு மக்கர் செய்தது. “கொஞ்சம் கசியும்” என்று எழுதியிருந்த பழசு வீடு வரை கொஞ்சமாகத்தான் கசிந்தது. அதற்கு முன் ஜான்சியில் புது ஹோஸ் ஒன்று கிழிந்தது; ஒரு கடையில் பழைய ஹோஸைக் காட்டினேன், கடைக்காரன் பேசாமல் அதே அளவில் ஒன்றை எடுத்துப் போட்டான்.

ஆகவே கிளம்பப்போகிறவர்களுக்கு என் திருத்தம்: புதுசை வாங்கி டப்பாவிலேயே வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊரிலேயே மாட்டி, குறைந்தது இருநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். கழற்றியதைக் கழுவி, ஓடும் ஓடாது என்று எழுதி, ஆடாமல் கட்டிக்கொள்ளுங்கள். பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் கெட்டுப்போனதையும் அளவுக்கு எடுத்துப்போங்கள். மெக்கானிக் “சொல்றேன் சார்” என்றால் தயவுசெய்து சொல்லவிடுங்கள்.

ஜீப் இன்றும் ஏழுமலையிடம்தான் போகிறது. மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் முன்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். கழற்றிய ஃபில்டர், வாஷர், முறிந்த போல்ட், எதுவும் விடுபட்டிருக்காது. போன வாரம் வெறும் ஆயில் மாற்றத்துக்குப் போனேன். பையில் ஆயில் சொட்டும் பழைய ஃபில்டரும் ஒரு செம்பு வாஷரும். “எண்ணிக்குங்க சார்” என்றார், சிரிக்காமல்.

பரனூர்க்காரரின் டிப்பர்கள் அந்த ஷெட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. என்னால்தானா என்று ஏழுமலையைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை எழுதி முடித்துச் சுமதியிடம் படிக்கக் கொடுத்தேன். அச்செடுத்து ஏழுமலையிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். “அவருக்கு எதுக்கு? அவருக்குத் தெரியாததா? பரனூர்ல போய்க் கொடுங்க” என்றாள்.

ஷெட்டிலிருந்து பரனூர் ஆறு கிலோமீட்டர். வண்டியில் பத்து நிமிடம். ஹரித்வார் வரை போய்வந்தவன்தான் நான், அந்த ஆறு கிலோமீட்டர் மட்டும் இன்னும் போகவில்லை.