மூன்று தட்டு

மனைவி மார்லிஸ் இறந்து ஏழு மாதமாகியும் ஓர்வல் டெஸ்டாலின் கராஜில் இரண்டு பேர் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கிற சத்தம் கேட்கிறதாம். தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரரிடம் சொன்னது தபால்காரி. தபால்காரியிடம் யார் சொன்னார்களோ தெரியாது.

"இவர் வெளிய அடிப்பாராம், உள்ளேருந்து பதில் வருமாம்," என்றார் கடைக்காரர், உப்பு மூட்டையை என் காரில் போட்டபடி. "பக்கத்து வீடுதானே உனக்கு? காதுல விழலயா?"

விழவில்லை என்றேன். பொய்.

முப்பத்தெட்டு வருடம் பண்ணை பண்ணையாகப் பால் லாரி ஓட்டியவர் ஓர்வல். ஓய்வு பெற்ற வாரமே, கராஜில் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்ட வரைபடமும் அலுமினியத் தகடுகளும் வரவழைத்துவிட்டார். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. சோளம் விளைந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி, "றெக்கை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு விதிதான் கறாரானது. விமானத்தில் பாதிக்கு மேல் கட்டுகிறவரின் கைவேலையாக இருக்க வேண்டும். அதற்குக் குறிப்பும் படமும் சாட்சி. ஓர்வலின் ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவர் வெளியே ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். விமானத்துக்கு உள்ளே, ரிவெட்டின் பின்பக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருக்கும் மார்லிஸின் கை.

நடுவில் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் அவள் கட்டியால் தட்டிச் சொல்வாள். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு, சரி. மூன்று என்றால் ரிவெட் கெட்டுவிட்டது, துளைத்து எடு.

"வீட்டுல தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த மனுஷனுக்குக் கேக்காது. இங்க மட்டும் பாம்புச் செவி!" என்பாள் மார்லிஸ், முடியெல்லாம் அலுமினியத் தூளோடு.

அக்டோபரில் விமானத்தைச் சோதிக்க அரசு அதிகாரி வந்தார். டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஆல்பத்தைப் புரட்டி, ஒரு படத்தில் விரலை நிறுத்தினார்.

"இதுக்கப்புறம் அந்தக் கையைக் காணோமே?"

"அடக்கம் பண்ணியாச்சு," என்றார் ஓர்வல்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார். முதல் நாற்பது மணி நேரம் தனியாகத்தான் பறக்க வேண்டும், பக்கத்து இருக்கையில் யாரும் கூடாது, ஊருக்கு மேலே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் காபி குடித்தோம். மதிய வெயில் தகட்டில் பளபளத்தது. அப்போது வால் பக்கம், உள்ளேயிருந்து, டிக். டிக். டிக்.

"வெயில்ல தகடு விரியுது," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தகட்டுக்கு எண்ணத் தெரியுமாப்பா?"

மறுபடி மூன்று. ஓர்வல் கோப்பையை வைத்துவிட்டு, வாலும் உடம்பும் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க ஏழு ரிவெட். அவ கடைசியா உட்கார்ந்து பிடிச்சது. ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கிட்டு வந்த மறுநாள். கை நடுங்குது, கட்டி வழுக்குது. ஏழுக்கும் மூணு மூணு தட்டு தட்டினா."

"நீங்க எடுக்கலயா?"

"'பிரமாதம், எல்லாம் சரி, வெளிய வா'ன்னுட்டேன். அழுவாளேன்னு. அப்புறம் அதை மறைச்சு ஒரு பட்டையும் போட்டாச்சு. அந்தாள் கண்ணாடிக்குத் தெரியாது."

"ஓர்வல், துளைச்சு எடுத்துடுங்க. நான் கட்டி பிடிக்கிறேன். ஒரு மணி நேர வேலை. மேல போய் வால் கழண்டுச்சுன்னா?"

"அவ கை வேலையில இதுதான்பா கடைசி," என்றார். பிறகு தகட்டிலிருந்து கையை எடுத்து, "சரி. வெள்ளிக்கிழமை எடுத்துடலாம். வா," என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். கராஜ் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விமானம் இல்லை. தரையில் இழுவை வண்டியின் சக்கரத் தடம் மட்டும். மேசைமேல் ஏழு புது ரிவெட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் புது டிரில் முனை, உறைகூடப் பிரிக்காமல். அவளுடைய இரும்புக் கட்டி இருக்கும் இடம் காலி. அதையும் கொண்டுபோயிருக்கிறார்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. இத்தனை நாள் பயந்த சத்தம் இப்போது கேட்டால் தேவலை என்றிருந்தது.

வெளியே காற்றே இல்லை. பறக்க ஏற்ற வானம். விமானத் திடல் பக்கமிருந்து, மக்காச்சோளக் கட்டைகளுக்கு அப்பால், ஒரு இன்ஜின் உறுமி ஏறுவது கேட்டது.

ஓர்வலின் எண்ணை அழுத்தினேன். மணி போகிறது. அவர் தரையில் இருந்தால் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார்.

நான்கு. ஐந்து. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.