ஸ்டேசனுக்கு அடியில் போகும் ரயில்

நோயாளியின் மருத்துவப் பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். இது நான் வந்துசேர்ந்த இந்த நாட்டு விதி. பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். விதியை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பதே என் பொழுதுபோக்கு. மனு அனுப்பிய முப்பதாம் நாள் டொரொண்டோப் பனியில் வழுக்காமல் நடந்துபோய்த் தபால்பெட்டியைத் திறந்தேன். பீட்சா விளம்பரம் இருந்தது. மறுநாளும் அதுவே. இங்கே தாமதமில்லாமல் வருவது அது ஒன்றுதான்.

பிழை இதுதான். என் மனைவி சரோஜா அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு மறக்கத் தொடங்கியதும், மகள் எங்களை மறதிநோய்க் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். நன்றாகச் சிரிக்கத் தெரிந்த ஓர் இளம் டாக்டர், ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த சரோஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“பதுளையில கோச்சி ஏறுனா, தெமோதரையில ஸ்டேசனுக்கு அடியில சுரங்கத்துல பூந்து போகும். மலையை ஒரு சுத்துச் சுத்திட்டு, அதே ஸ்டேசன்ல மேல வந்து நிக்குங்க!”

சிறுவயதிலேயே ஊரைவிட்டு வந்த மகள் அப்படியே மொழிபெயர்த்தாள். நான் வாயைத் திறந்தேன். உறவினர் குறுக்கிடக்கூடாது என்பது அங்கே விதியாம். விதி என்றால் நான் மூடிக்கொள்வேன். டாக்டர் இன்னும் நன்றாகச் சிரித்தபடி தட்டச்சு செய்தார். அறிக்கை வந்தது: ‘ரயில் தன் நிலையத்துக்கு அடியிலேயே போகிறது என்கிறார். இல்லாததை உண்மையென நம்புகிறார்.’ முடிவு, வாஸ்குலர் டிமென்ஷியா. மூளையின் சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டு, படிப்படியாக நினைவு குறைவது.

அல்ஸைமருக்கு அடுத்தபடி முதியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான் என்று டாக்டர் தேற்றினார். பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்றால் பயணம் சுகமாகிவிடுமா?

ஆனாலும் அவர் சொன்னது சரிதான். கோயில் அன்னதான வரிசையில் பேச்சுக் கொடுத்தேன். “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காருங்க” என்றார்கள், ஆளுக்கு ஆள். ஊரிலும் இருந்தார்கள், பெயர்தான் வைக்கவில்லை. நமுனுகுலயில் ஒரு கங்காணி பாரிசவாதம் வந்து தேறினார். ஓய்வுபெற்று வெகுகாலமாகியும், விடிந்ததும் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து தலைகளை எண்ணுவார். “எல்லாரும் வந்தாச்சுங்கய்யா, நீங்க போய் தேத்தண்ணி குடிங்க” என்பார்கள். திருப்தியோடு போவார். பிரசர் என்றார்கள், வயசு என்றார்கள். அவரைப் பரீட்சை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கோ தெமோதரை கிடைத்துவிட்டது. அங்கே ரயில் உண்மையாகவே ஸ்டேசனுக்கு அடியில்தான் போகிறது. அந்த வரி விழுந்தால் அறிக்கை விழும். அறிக்கை விழுந்தால் என் சரோஜா எனக்குத் திரும்பக் கிடைப்பாள். வரைபடம், புகைப்படங்கள் இணைத்து மனு அனுப்பினேன்.

“அப்பா, ஸ்கேன்லயே அடைப்புத் தெரியுதுப்பா.”

“ஸ்கேன் கிடக்கட்டும். அத்திவாரமே பிழை.”

நான் நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் பதில் வந்தது. ரயில் உண்மையென ஏற்று, அந்த வரியை நீக்கி, வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். நோய் பற்றிய முடிவில் மாற்றமில்லை என்றது இரண்டாம் பத்தி. முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டு, ஜன்னலோரம் பனியைப் பார்த்திருந்த சரோஜாவிடம் ஓடினேன்.

“ஜெயிச்சிட்டோம் சரோஜா! தெமோதரைக் கோச்சி ஸ்டேசனுக்கு அடியில போறது நெசந்தான்னு எழுதிட்டாங்க!”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்த டாக்டரைப் போலவே.

“ஸ்டேசனுக்கு அடியில கோச்சி போகுமா? என்னங்க பேசுறீங்க? இதப் போயி அந்த டாக்டர் புள்ளகிட்ட சொல்லிப்புடாதீங்க. உங்களப் புடிச்சு வச்சுக்குவாங்க.”

“சொல்லமாட்டேன்” என்றேன்.

கச்சேரிப் பழக்கம் விடவில்லை. உறையை எடுத்து, மேப்பிள் இலை முத்திரைக்குப் பக்கத்தில் கடிதம் கிடைத்த தேதியைக் குறித்தேன்: தை முதலாம் நாள், வழி பிறக்கும் நாள்.