நடு பெடல்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பினால் எனக்கு வருவதும் இல்லை, நம்பாவிட்டால் போவதும் இல்லை. ஆனால் நேரம், இடம், என் கை பட்ட பொருள்... எதிலும் ஒரு சொல் கூட்டவில்லை.

அப்போது ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். பெட்டிகளை ஒட்டுவது, அடுக்குவது, ஏற்றுவது. அன்று காலை ஆறு மணிக்கு வேலை முடிந்தும் தூங்கவில்லை. மாலை ஆறே முக்காலுக்கு, உடைந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் யார்டின் வாசலில் நின்றபோது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. தூக்கம் கெட்டவன் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இரண்டு வாரம் வரை.

அங்கே என் அண்ணனின் கார் கிடந்தது. பத்து வாரத்துக்கு முன்பு, விடியற்காலை ஐந்து இருபதுக்கு, கொட்டும் மழையில், மேம்பாலத் தூணில் நேராகப் போய் மோதினான். அங்கேயே உயிர் போய்விட்டது. மழையில் டயர் தடம் எதுவும் மிஞ்சவில்லை. தூங்கியிருப்பான் என்றார்கள் முதலில். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு மாதிரி பேசினார்கள். வேலை போனதிலிருந்தே ஒரு மாதிரிதானே இருந்தான் என்று. அந்தப் பேச்சு பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பத்து வயது மகள் ஒருநாள் வந்து கேட்டிருக்கிறாள், "அப்பா வேணும்னே போய் மோதினாராம்மா?"

அண்ணி அழவில்லை. என்னைக் கூப்பிட்டு கார் சாவியைக் கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலைல அதை நசுக்கிடுவாங்களாம் தம்பி. அதுக்குள்ள எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு பிரேக்கை மிதிச்சாரா, இல்லையா?"

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர், எங்கள் தெருவில் எல்லோரும் வயர் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். முதுகுவலி என்று படுத்திருந்தார். கோளாறைப் படிக்கும் ஸ்கேனரையும் ஒரு சின்ன பேட்டரியையும் என் தலையில் கட்டினார்.

"பழைய வண்டிடா. மிதிச்சாரா இல்லையான்னெல்லாம் எழுதி வச்சிருக்காது. பிரேக்ல கோளாறு இருந்திருந்தா மட்டும் காட்டும். காட்டிச்சுன்னா அவன் மேல பழி இல்ல. ஸ்கேனர் வயரைச் சொருகுற போர்ட்டைத் தேடிப் பிடிச்சு மாட்டு. மத்ததை அது பாத்துக்கும்."

யார்டு வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு மணிக்குப் பூட்டிருவேன். உள்ளயே தூங்கிட்டேன்னு வையி, காலைல காரோட சேத்து உன்னையும் சதுரமாக்கிருவாங்க."

கார் கடைசி வரிசையில் இருந்தது. முன்பக்கம் சுருங்கிப்போயிருந்தது. டிரைவர் பக்கக் கதவை வெட்டி எடுத்திருந்தார்கள். சீட்டு முழுக்கக் கண்ணாடித் தூள். பேட்டரியை இணைத்து சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் இரண்டு விளக்குகள் மங்கலாக எரிந்தன.

போர்ட் எங்கே என்று யாரைக் கேட்டாலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் என்பார்கள். அதனால் கதவில்லாத பக்கமாக மல்லாந்து, தலையைப் பெடல்கள் இருக்கும் இடத்துக்குள் நுழைத்தேன். இரண்டு கையும் வேண்டியிருந்தது. டார்ச்சின் வாரை நடு பெடலில் மாட்டித் தொங்கவிட்டேன். நடு பெடல் என்றால் பிரேக்.

வயர்கள். பியூஸ் பெட்டி. ஒட்டடை. போர்ட்டைக் காணோம்.

மணி 7.12. டக்.

காதுக்குப் பக்கத்தில். சின்ன சுவிட்ச் ஒன்றைத் தட்டியதுபோல். வெயிலில் கிடந்த இரும்பு ஆறுகிறது என்று நினைத்தேன்.

7.14. டக்.

இந்த முறை நிழல்கள் நகர்ந்தன. டார்ச் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. இறங்கியது. மெதுவாக, சீராக... பெடலோடு சேர்ந்து. என் கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளி அது தரை வரை போய் நின்றது.

எண்ணினேன். ஒன்பது வரை.

பிறகு மேலே வந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. பெடலிலிருந்து வாரைக் கழற்றியது மட்டும் நினைவிருக்கிறது. ரப்பர் ஈரமாக இருந்தது. மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது.

ஓடியிருக்கலாம். ஓடத் தெம்பில்லை. அதோடு, வீட்டில் அண்ணி பதிலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயர் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஸ்டீயரிங் கீழ எதுவும் இல்லண்ணே."

"அங்க ஏன்டா போன? அது புது வண்டிக்கு. இதுல ஆஷ்ட்ரேயைக் கழட்டு. அதுக்குப் பின்னாடி வட்டமா இருக்கும்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியா? சரி, சீக்கிரம் பாரு. நனையாத."

"எதுல நனையுறது?"

"அங்க மழை இல்ல? தகரத்துல கொட்டுற மாதிரி கேக்குதேடா..."

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. போனை வைத்துவிட்டேன்.

மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல் குனிந்து ஆஷ்ட்ரேயை இழுத்தேன். பின்னால் கையை விட்டேன். இருந்தது. வட்டமாக, தூசி படிந்து. 7.31க்கு ஸ்கேனரை மாட்டினேன். திரை ஒரு நிமிடம் யோசித்தது.

கோளாறு: 0.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மிதித்திருந்தால் பிடித்திருக்கும். இதை எந்த வாயால் அண்ணியிடம் சொல்வது? மகளிடம் அண்ணி என்ன சொல்வார்?

கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போனது. வண்டியில் அந்த நிமிடம் நடப்பதைக் காட்டும் பக்கம் அது. ஒரு வரி: பிரேக் சுவிட்ச், ஆஃப்.

7.38. ஆன்.

நான் பெடல் பக்கம் பார்க்கவில்லை.

ஆஃப். ஆன். ஆஃப். ஆன்.

டக். டக். டக். டக்.

வேகமாக. ஒருவன் உயிரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கும் வேகம்...

பிறகு ஆன். ஆனிலேயே நின்றது.

டிரைவர் சீட்டில் கண்ணாடித் தூள் நெரிபட்டது.

பார்த்தேன். சீட் காலி.

பெடல் தரையோடு தரையாக.

7.41.

"போதும்ணா," என்றேன். "சொல்லிடறேன்."

ஆஃப்.

ஸ்கேனர் வயரைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார்.

"மிதிச்சிருக்கான் அண்ணி."

"மெஷின் காட்டிச்சா?"

"காட்டிச்சு."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குக் காரை நசுக்கிவிட்டார்கள். அந்த வாரமே இரவு வேலையை விட்டேன். எல்லாம் தூக்கமில்லாத மூளை செய்த வேலை என்று முடித்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து தீயணைப்பு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணனின் கைக்கடிகாரம் அங்கே இருக்கிறதாம். அண்ணியோடு போனேன். விபத்தன்று அவனை வெளியே எடுத்தவரே மேசைக்குப் பின்னால் இருந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். அண்ணி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

அவர் கடிகாரத்தை அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சொல்லலாமான்னு தெரியலம்மா. கதவை வெட்டியும் அவரை வெளிய எடுக்க முடியல. வலது கால் பிரேக் மேல அப்படியே இறுகிக் கிடந்தது. பெடல் தரையோட ஒட்டியிருந்தது. கடைசில பெடலை வெட்டித்தான் காலை எடுத்தோம்."

"அப்ப மிதிச்சிருக்காரு."

"விடவே இல்லம்மா."

பன்னிரண்டு வாரத்தில் அண்ணி அன்றுதான் அழுதார். சத்தமில்லாமல், நெடுநேரம்.

நான் மெல்லக் கேட்டேன். "வெட்டினதைத் திரும்பக் காருக்குள்ள போட்டுட்டீங்களா?"

அவர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு பெடல், தண்டு பளிச்சென்று வெட்டுப்பட்டு. பையின் சீல் பிரிக்கப்படவில்லை. மேலே ஒட்டிய சீட்டில் விபத்து நடந்த தேதி. நேரம் காலை 6.05.

"அன்னைக்கு வச்சதுதான். அதுக்கப்புறம் அந்த வண்டியில பிரேக் பெடலே கிடையாது. ஏன் கேக்கறீங்க?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.