கஞ்சூஸ் என்ற சொல்லுக்கு நான் கொடுத்த வாக்கியம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் என் பேச்சு ஒரு அகராதியில் அச்சாகியிருக்கிறது.

பூனாவில் தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை அகராதியாகத் தொகுக்க ஒரு பெண் வந்தாள். கேம்ப் பகுதியில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, நான் பேசியதைப் போனில் பதிந்துகொண்டாள். சொல்லுக்கு அர்த்தம் மட்டும் போதாதாம். அதை வைத்துப் பேசிய வாக்கியமும் வேண்டுமாம். வாயில் வந்ததைச் சொன்னேன். மறந்தும் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் புத்தகம் கொடுத்தார்கள். என் வாக்கியம் இருந்த பக்கத்தில் அந்தப் பெண் அடையாளம் வைத்திருந்தாள். பக்கத்தில் என் தங்கை, கட்கியிலிருந்து வந்திருந்தாள். டீச்சராக இருந்தவள், கடகடவென்று வாசிப்பாள். என் பெருமையை ஊரே கேட்கட்டும் என்று நான்தான் அவள் கையில் கொடுத்தேன். சத்தமாக வாசித்தாள்.

“கஞ்சூஸ்: கருமி. ‘கட்கியில இருக்கிற என் தங்கச்சி பெரிய கஞ்சூஸ், வீட்டுக்குப் போனா பாதி கப் சாயாதான் ஊத்துவா.’”

ஹாலே சிரித்தது. அவள் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு ரிக்‌ஷா பிடித்துப் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் போனே எடுக்கவில்லை.

அகராதிப் பெண்ணிடம், “அதை எடுத்துடும்மா,” என்றேன்.

“அடுத்த பதிப்புல மாத்தலாம் பாட்டி. ஆனா நாங்களா எழுதிப் போட மாட்டோம். நீங்க யார்கிட்டயாவது நெஜமாப் பேசினதா இருக்கணும்.”

“நல்லதா எவ்வளவோ சொல்லியிருப்பேன், இரு,” என்றேன். அன்று முழுக்க யோசித்தேன். அவளைப் பற்றி நல்லதாகச் சொன்னது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பூனாக் குளிருக்கு என் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டவள் அவள்தான். அதை ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. அவளிடம்கூட. இது உறைத்தபோது, ஹாலில் பட்ட அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

பேத்தியின் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தாள்.

“நீ கஞ்சூஸ் இல்லடி. என் பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தவ.”



“எனக்குச் சொல்றியாக்கா, இல்ல அந்தப் புஸ்தகத்துக்கா?”

“ரெண்டுக்கும்தான்.”

“அப்படின்னா பெரியவனுக்கு ரெண்டு பின்னினேன். அதையும் சேர்த்துக்கோ.” வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டு அதையும் சேர்த்துச் சொன்னேன். அகராதிப் பெண்ணுக்குக் கொடுக்க, பக்கத்தில் பேத்தி எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

“எழுதினதை வாசிச்சுக் காட்டுடி கண்ணு. மெதுவா. ஒரு வார்த்தை விடக் கூடாது.”