ஒரே வாசல்

கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டுகிறவரை எல்லோரும் 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் அந்தக் கருவி மாதிரிதான், படச்சட்டம் ஒரு நூல் சாய்ந்தாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. ஆனால் படத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்கவே மாட்டார். "வரையறது அவங்க பாடு, ஆணி என் பாடு" என்பார்.

அதனால்தான் ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி வரைந்திருந்த சித்திரக்கதையின் கடைசிப் பக்கத்தை வாசலருகிலும், முதல் பக்கத்தை அறையின் கோடியிலும் மாட்டித் தொலைத்தார்.

வரைந்த பெண் வந்து பார்த்தாள். வாசலருகே அப்பாவின் காலிக் கட்டில். அடுத்தது ஆஸ்பத்திரி. போகப்போக அப்பா எழுந்து உட்கார்ந்தார், சட்டை போட்டுக்கொண்டார், கோடியில் அவளைத் தோளில் தூக்கிவைத்துச் சிரித்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. இப்பவே மாத்திடறேன்" என்று ரசமட்டம் பதறினார்.

"வேண்டாம்ணே, இருக்கட்டும். அப்பா பொழச்சு வந்துட்டார் பாருங்க."

அன்றுதான் அவர் ஒரு படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

வெகுநேரம் கழித்து அவள் கிளம்பினாள். அந்த அறைக்கு ஒரே வாசல். வந்த வழியேதான் திரும்பியாக வேண்டும், அப்பாவின் சிரிப்பிலிருந்து காலிக் கட்டிலுக்கு. மனசு கேட்காமல் ரசமட்டம் ஓடிப்போய் விளக்கை அணைத்தார்.

இருட்டிலும் அவள் காலிக் கட்டிலுக்கு நேராக வந்து நின்றாள்.