அளவுக்கு அனுப்பிய சட்டை

கைறுன்னிஸா ஒரு பெண்ணை முதல் தடவை பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோளைப் பார்ப்பாள், இடுப்பைப் பார்ப்பாள், பிறகு "கொஞ்சம் நடங்க புள்ள" என்பாள். மாத்தளை டவுனில் வேறு யார் இப்படிச் செய்திருந்தாலும் சண்டைதான். இவளிடம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரிலேயே பருமன் அவள்தான்.

நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு ஈர்க்குச்சி உடம்பு. பருமன் என்றால் பருமன், அதில் என்ன வகை என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. வயிறு பெரிசா ஈக்கிறவளும் கை பெரிசா ஈக்கிறவளும் ஒன்னா? வயித்துக்காரிக்கு மெத்துன்னு விழுற வாயில் துணிச் சாரி வேணும், கொசுவம் சின்னதா மடிக்கணும். இடுப்புக்காரிக்குச் சாரிக் கரை ஒடுக்கமா ஈக்கணும், பூவேலையெல்லாம் சட்டையில போடணும். கண்ணு மேல போயிரும். கைக்காரிக்குத் தடிச்ச இடத்துல கைய முடிக்கக் கூடாது, முழங்கை வரைக்கும் எறக்கணும்."

அன்றிலிருந்து எனக்கும் பார்க்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் நாவுல ஊர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைக்கூட விடுவதில்லை.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்குப் புட்டுக் குழல் போட்டதுபோலக் கை உப்பிய சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்து அழுதாளாம். அழுது முடித்ததும், ஒரு சட்டை ஏன் தன்னை இப்படிக் காட்டுகிறது என்று யோசனை வந்துவிட்டது. மறுநாளே கல்யாணச் சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டாள். மிளகு வியாபாரி புஹாரி, பாவம், புதுப் பெண்டாட்டிக்குக் கோட்டி பிடித்துவிட்டதென்று பயந்துபோனாராம். ஆனாலும் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்திலோ அறுபத்தாறிலோ, எங்கள் பாதைக் கடைசி வீட்டு றமீஸாவுக்கு உக்குவெளையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் பெண்ணை நேரில் பார்த்திருக்கவில்லை. அப்போதெல்லாம் எங்கள் பெண்கள் தையற்காரன் முன்னால் போய் நின்று அளவு கொடுப்பதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். கூறைச் சாரியும் அதற்கான சட்டையும் மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு என்பதால், அங்கிருந்து அளவுச் சட்டை கேட்டு ஆள் வந்தது.

றமீஸாவின் தாய் றஹீமா, தன் இளைய மகளின் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மூத்தவளின் சட்டை வெளியே போக அவளுக்கு வெட்கம். கல்யாணத்துக்குள் மகள் மெலிந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை வேறு. றமீஸாவுக்கு விஷயமே தெரியாது. அவள் மெலியவும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்திய நாள் கூறைச் சாரியும் சட்டையும் வந்தன; நானும் கைறுன்னிஸாவும் பார்க்கப் போயிருந்தோம். சிவப்பில் சரிகை நெருக்கமாக ஓடும் துணி. றமீஸா சட்டையைப் போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. றஹீமா அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விடிந்தால் மாப்பிள்ளையின் அக்கா மஸூதா வந்து தன் கையால் கூறை உடுத்திவிடப்போகிறாள்.

றமீஸா அழவில்லை. "அவங்க வேற ஒரு புள்ளையத்தானே கேட்டிருக்காங்க. நான் போய் நின்னா ஏமாத்தின மாதிரி. இந்தக் கல்யாணமே வேணாம்" என்றாள்.

கைறுன்னிஸா சட்டையை உள்பக்கம் திருப்பினாள். பிரித்துவிடத் தையலுக்குள் துணியே இல்லை. பிறகு கூறைச் சாரியை விரித்து, உள்ளே சொருகி மறைந்துபோகும் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தாள்.

"கூறைய வெட்டுறதா?" என்று றஹீமா கையைப் பிடித்தாள்.

"மகள அளவு மாத்தி அனுப்பலாம், துணிய வெட்டக் கூடாதா?"

றஹீமா கையை எடுத்துக்கொண்டாள். சாரியின் அந்தப் பக்கத்தில் சரிகை கிடையாது, வெறும் சிவப்பு. அதை அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் இரண்டு பக்கமும் பட்டையாக இணைத்தாள். கையின் உள்பக்கத்திலும் வைத்தாள். காலையில் றமீஸா அதைப் போட்டு நின்றபோது நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சரிகை நடுவில் மட்டும் நின்றது. பக்கங்கள் அடங்கிப்போயிருந்தன. அவள் மெலிந்து தெரியவில்லை, நிமிர்ந்து தெரிந்தாள்.

மஸூதா வந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். முந்தானையைப் போடப் பெண்ணின் கையைத் தூக்கியவள் பட்டையைப் பார்த்துவிட்டாள்.

"இது நாங்க தச்ச மாதிரி இல்லையே. அளவு தந்த சட்டை யாரோடது?"

"புள்ள இப்ப கொஞ்சம்..." என்று றஹீமா இழுத்தாள்.

"தங்கச்சிட சட்டை மதினி" என்றாள் றமீஸா. "எனக்கு எப்பவும் இந்த உடம்புதான். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

மஸூதா கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என்ட கல்யாணத்துக்கு எங்க உம்மாவும் இதத்தான் செஞ்சாங்க. நான் வாயத் தொறக்கல்ல. நிக்காஹ் முடியிற வரைக்கும் மூச்சப் புடிச்சிட்டே இருந்தேன். இன்னைக்கும் அப்படித்தான் வந்திருக்கேன்." கைறுன்னிஸா பக்கம் முதுகைத் திருப்பினாள். கொக்கிகள் தெறிக்கிற நிலையில் இருந்தன. "எனக்கும் ஏதாவது செய்ய ஏலுமா?"

மாப்பிள்ளையின் ஆட்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணை வரச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். பெண் ஆயத்தம்தான். மாப்பிள்ளையின் அக்காவுடைய சட்டைதான் இன்னும் கைறுன்னிஸாவின் ஊசியில் இருந்தது. றமீஸா கட்டில் விரிப்பை உருவி மதினியின் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றாள் கதவைப் பார்த்து.